ஹொப்ஸ் கொடியும் திருகோணமலை வெயிலும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, பியருக்குக் கசப்பும் வாசனையும் சேர்க்கும் ஹொப்ஸ் கொடியையும் வீட்டுப் பானங்களுக்கு உதவும் பயிரையும் சுற்றியே அமைந்திருந்தமையால், ஏனைய பயிர்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகின்றேன்.

கேள்வி: ஐயா, ரொறன்ரோவுக்கு அண்மையில் வசிக்கும் என் மகனும் அவனுடைய நண்பர்களும் வீட்டிலேயே பியர் தயாரிப்பவர்கள். அவர்கள் இவ்வருடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொதுவில் ஹொப்ஸ் தோட்டம் ஒன்றைத் தொடங்கியுள்ளார்கள். கடையில் வாங்கிய காய்ந்த பூக்கள் சிலவற்றையும் மாதிரிக்கு எனக்கு அனுப்பினான். அவற்றை இத்துடன் வைத்துள்ளேன். அடுத்த முறை வரும்போது கிழங்குத் துண்டுகளைக் கொண்டுவந்தால், உப்புவெளியில் எங்கள் வளவிலும் அயலவர்களோடு சேர்ந்து இதைப் பயிரிட முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி)

பதில்: நீங்கள் அனுப்பிய பூக்களுள் ஒன்றை நகத்தால் நெடுகப் பிளந்து பார்த்தேன். காகிதம் போன்ற பச்சைச் செதில்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. விரலிடையே தேய்த்தவுடன் அது பிசினாகிப் பிடித்துக்கொண்டது. தோடம்பழத் தோலும் மாங்காய்ப் பாலும் கலந்தாற்போன்ற வாசனை எழுந்து, கை கழுவிய பின்னும் மாலைவரை போகவில்லை. இந்தத் தூளுக்காகத்தான் அந்தக் கொடி பயிரிடப்படுகின்றது. லுப்புலின் எனப்படும் இதிலுள்ள அல்பா அமிலங்கள் கொதிக்கும்போது மாற்றமடைந்து பியருக்குக் கசப்பைக் கொடுப்பதோடு, அதனைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் பலவற்றையும் அடக்குகின்றன. பானத்தை இது கெடாமல் வைத்திருக்கும் என்று 12 ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மனியத் துறவியான ஹில்டகார்ட் எழுதிவைத்தார். 1516 இல் பவேரியாவில் வந்த சட்டம் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றையே பியருக்கு அனுமதித்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகின்றேன். உப்புவெளியில் ஹொப்ஸ் கொடி முளைக்கும், இலை விடும்; ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பூவைத் தராது. வெப்பம்தான் காரணம் என்று பலரும் எண்ணுவார்கள். அதைவிடப் பெரிய தடை பகற்பொழுதின் நீளமாகும். இக்கொடி, நீண்ட பகல்கள் உள்ள காலத்தில் இருபது அடி வரை விறுவிறுவென ஏறி, கோடையின் உச்சம் கழிந்து பகல் குறையத் தொடங்கும்போது பக்கக் கிளைகளில் பூப்பதற்குப் பழகியது. ரொறன்ரோவில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 15 மணி 25 நிமிடம். திருகோணமலையிலோ அதே நாளில் 12 மணி 35 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். ஆண்டு முழுவதிலும் எங்கள் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம் அளவே வேறுபாடு உண்டு. ஆகவே இங்கே நட்ட கொடி, முளைத்த நாளிலிருந்தே தான் இலையுதிர் காலத்தை நெருங்கிவிட்டதாக உணர்ந்து, போதிய உயரம் ஏறுவதற்கு முன்னரே ஒன்றிரண்டு பூக்களை விட்டு ஓய்ந்துவிடும்.

அப்படியானால் நுவரெலியாவில் நடலாமே என்று உங்கள் அயலவர் ஒருவர் கேட்கக்கூடும். மலையின் உயரம் குளிரைத் தருமே தவிர, பகலை நீட்டித் தராது. இந்தியாவில் ஹொப்ஸ் பயிராகும் லாஹுல் பள்ளத்தாக்கு இமயமலையில் இருப்பதால் மட்டுமன்றி, வடக்கே வெகு தூரத்தில் இருப்பதாலும் அங்கே அது செழிக்கின்றது. உலகின் பெரிய ஹொப்ஸ் நிலங்களான ஜேர்மனியின் ஹல்லர்டாவ், அமெரிக்காவின் யக்கிமா, செக் நாட்டின் ஷாட்டெட்ஸ் ஆகிய யாவும் 45 பாகைக்கு மேற்பட்ட அகலக்கோடுகளில் அமைந்தவை. புளோரிடாவிலும் பிரேசிலிலும் இரவில் மின்விளக்கு எரித்துப் பகலை நீட்டி இதனை வளர்க்கின்றார்கள். அங்கே அது வருமானம் தரும் பண்ணைத் தொழில். ஒரு வளவுத் தோட்டத்துக்கு அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவும் செய்தாலும், ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இலையின் அடிப்புறத்தில் சிற்றுண்ணி பெருகுவதை எப்படித் தடுப்பீர்கள் என்ற கேள்வி மிஞ்சும்.

சட்டத்தையும் சொல்லவேண்டியது என் கடமை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரம் இன்றி நடுகைப் பொருளை நாட்டுக்குள் கொண்டுவரலாகாது. பயணப் பெட்டியில் துணிக்குள் சுற்றி வந்த ஒரு கிழங்கோடு ஒரு நோயும் வந்து சேரலாம். மேலும், 1912 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றமாகும். வீட்டில் தயாரிக்கும் பியரும் மதுபானமே.

ஆயினும் அந்தத் தோட்டத்துக்கு உங்களால் உதவ முடியும். யக்கிமாவின் பண்ணைகளில் ஹொப்ஸ் கொடி ஏறுவதற்குக் கட்டும் கயிறு, பெரும்பாலும் இலங்கையிலிருந்து போகும் தும்புக் கயிறுதான். கொடித் தண்டின் கொக்கி மயிர்கள் வழுவழுப்பான நைலோனைவிடச் சொரசொரப்பான தும்பில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அறுவடையின்பின் அதனைக் கொடியோடு சேர்த்தே உக்கவிடலாம். நன்றாக முறுக்கிய கயிற்றில் சில கட்டுகளை உங்கள் மகனுக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. மேற்படி கடிதத்தை எழுதியவரின் மகன் நான். எட்டுப் பேர் சேர்ந்து மூன்று இனங்களில் பன்னிரண்டு கிழங்குகள் நட்டுள்ளோம். வேலைக்கு வராதவர்களுக்கும் சம பங்கா என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. எதை எப்படி ஒழுங்குசெய்வது? (வாசகர், ஒன்ராறியோ)

பதில்: தம்பி, பேச்சு இப்போதே தொடங்கியது நல்லது, முதல் வருடத்தில் பங்கிடுவதற்கு அதிகம் இராது. கிழங்கு வேர்பிடிக்கும் அந்த வருடத்தில் சில கைப்பிடிப் பூக்களே கிடைக்கும், மூன்றாம் வருடத்தில்தான் கொடி தன் முழுப் பலனையும் காட்டும். எனவே எட்டுப் பேரும் மூன்று வருடத்துக்கேனும் சேர்ந்திருப்பது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்ளுங்கள். இடையில் ஒருவர் விலகினால் அவர் கொடியைத் தோண்டி எடுத்துச் செல்லலாகாது. வசந்தத்தின் தொடக்கத்தில் அடிக்கிழங்கைப் பிரிக்கும்போது அவருக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்பலாம். இக்கொடியில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. பெண் கொடியின் பூவே பியருக்கு உகந்தது. கிழங்குத் துண்டு தாய்க்கொடியின் அச்சாக வளருமாதலால், விலகுபவருக்கும் குறையில்லை, தோட்டத்துக்கும் குறையில்லை.

ஒரே இனத்துக் கொடிகளுக்கு இடையே மூன்றடியும், வேறு இனங்களுக்கு இடையே அதைவிடத் தாராளமாகவும் இடம் விட்டீர்களா என்று பாருங்கள். நெருங்கி நட்டால் நிலத்தடித் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரண்டு வருடத்தின் பின் எது கஸ்கேட், எது சென்டெனியல் என்று எவராலும் அடையாளம் சொல்ல இயலாது. ஒரு கிழங்கிலிருந்து பத்துப் பதினைந்து முளைகள் வந்தாலும், கயிறு ஒன்றுக்கு இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அவற்றைக் கயிற்றில் ஏற்றும்போது, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் செல்லும் திசையிலேயே சுற்றிவிட வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மறுநாள் கொடி தானாக அவிழ்ந்து கீழே கிடக்கும். பச்சைக் கொடியின் பாரமும் ஓகஸ்ட் மாதத்துக் காற்றும் சேர்ந்தால் மெலிந்த கம்பம் சாயும் என்பதால், கம்பத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பங்கு பற்றிய தகராறு பெரும்பாலும் அறுவடை நாளில்தான் வெடிக்கும். பூவை அமுக்கினால் திரும்ப விரிந்து, காகிதம் போலச் சரசரத்து, உள்ளே தூள் கடும் மஞ்சளாக இருந்தால் அது பறிக்கும் பருவம். உங்கள் பக்கத்தில் ஓகஸ்ட் இறுதிக்கும் செப்ரெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் அது வரும். கொடியை இடுப்பளவு உயரத்தில் வெட்டிச் சாய்த்து, நிழலில் வட்டமாக அமர்ந்து பறியுங்கள். ஒரு கொடிக்கு ஒருவர் தனியே இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். நீண்ட கைச் சட்டை அணியாதவர்களின் முன்கையில் தண்டின் மயிர்கள் கீறிச் சிவந்த கோடுகள் விழும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கின்றேன்: ஈரத்தில் பங்கிடாதீர்கள். பறித்த பூவின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காலையில் பறித்தவரின் கிலோவும் மாலையில் பறித்தவரின் கிலோவும் ஒன்றல்ல. களத்தில் காயாத நெல்லை அளந்து பங்கிட்டால் எவருக்கு என்ன கிடைத்தது என்று தெரியாமற் போவது போன்றதே இது. இனம் இனமாகப் பிரித்து, வலைத் தட்டுகளில் பரப்பி, காற்றாடியின் கீழ் 60 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் உலர்த்துங்கள். பூவின் நடுக் காம்பு வளையாமல் முறிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நிறுத்து, பாதியை எட்டாகச் சமமாகவும் மறுபாதியை வேலை செய்த மணித்தியாலங்களின்படியும் பிரிப்பதே நியாயம் என்பது என் கருத்து. நிலத்துக்கு எல்லோரும் சமமாகப் பணம் கொடுத்தார்கள், வியர்வையைச் சமமாகக் கொடுக்கவில்லை. காற்றை நீக்கிப் பொதி செய்து உறைபெட்டியில் வைத்தால் அடுத்த வருடம் வரை வாசனை நிற்கும்.

உங்கள் பூவில் அல்பா அமிலம் எத்தனை வீதம் என்று ஆய்வுகூடத்தில் பார்க்காமல் அறிய முடியாது. ஆகவே அளவு அச்சிட்ட பொதியைக் கடையில் வாங்கிக் கசப்புக்காகத் தொடக்கத்தில் கொதிக்க விடுங்கள். தோட்டத்துப் பூவை வாசனைக்காகக் கடைசி நிமிடங்களில் சேருங்கள். உலர்த்தாத பூவைச் சேர்ப்பதாயின் பறித்த அன்றே, காய்ந்ததைப்போல் ஐந்து மடங்கு நிறையில் சேர்க்க வேண்டும். இறுதியாக, எட்டுப் பேரில் எவராவது நாய் வளர்த்தால், கொதித்து வடித்த சக்கையைக் குப்பைக் குவியலில் திறந்தபடி போடவேண்டாம். ஹொப்ஸை உண்ட நாய்க்கு உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போகவும் கூடும்.

கேள்வி: ஹொப்ஸ் என்ற செடியிலேயே மது இருக்கின்றதா? அதன் தேநீரை நித்திரைக்காகக் குடிக்கலாம் என்கின்றார்களே? (வாசகி, கிண்ணியா)

பதில்: இல்லை. மது, ஈஸ்ட் சீனியை உண்பதால் உண்டாவது. ஹொப்ஸ் பூ அதற்குக் கசப்பும் வாசனையும் சேர்ப்பது மட்டுமே. வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. நித்திரை மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் அருந்தக் கூடாது. மார்க்க ரீதியான அனுமதி பற்றி உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

கேள்வி: எங்கள் மகளிர் சங்கத்தில் பதினொரு பேர் இருக்கின்றோம். கோயிலுக்கு அருகே தென்னைக்குக் கீழ் கால் ஏக்கர் நிலம் கிடைத்துள்ளது. வீட்டுப் பானங்களுக்கு உதவும் பயிரைப் பொதுவில் செய்ய விரும்புகின்றோம். எதை நடலாம்? (வாசகி, தம்பலகாமம்)

பதில்: இஞ்சியை நடுங்கள். அதுவும் நிலத்தடித் தண்டிலிருந்து பெருகும் பயிர். தென்னையின் அரை நிழல் அதற்கு இதம். முளை ஒன்றிரண்டு உள்ள துண்டுகளை, இலைகுழையும் எருவும் கலந்த உயரமான பாத்திகளில் நட்டு, மேலே வைக்கோலால் மூடுங்கள். பாத்தியை உயர்த்தாமல் விட்டால் மாரி மழையில் தண்ணீர் தேங்கி அடி அழுகும். அழுகல் கண்ட பாத்தியிலிருந்து விதைக்கு ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. எட்டு முதல் பத்து மாதத்தில் இலை மஞ்சளித்துச் சாயும்போது கிண்டலாம். உங்கள் பக்கத்து விவசாயப் போதனாசிரியரை நடுவதற்கு முன் ஒரு தடவை நிலத்துக்கு அழைத்துக் காட்டுங்கள்.

பானத்துக்கு இஞ்சிச் சாறு, தேசிக்காய்ப் புளி, சீனி ஆகியவற்றைக் காய்ச்சிப் பாணியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது தண்ணீர் கலப்பதே பாதுகாப்பானது. ஈஸ்ட் இட்டு நுரைக்கச் செய்தால் எங்கள் வெக்கையில் ஓரிரு நாளிலேயே வாயு பெருகிக் கண்ணாடிப் போத்தல் வெடிக்கும் ஆபத்து உண்டு. சிறிதளவேனும் மதுவும் உண்டாகிவிடும் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்க அதைச் செய்யாதீர்கள்.

விதை இஞ்சியை முதல் வருடம் சங்கப் பணத்தில் வாங்கி, பதினொரு பேருக்கும் ஒரே நிறையில் கொடுங்கள். அறுவடையில் ஒவ்வொருவரும் தாம் பெற்றதைப்போல் இரு மடங்கு நல்ல விதையைச் சங்கத்துக்குத் திருப்பித் தரட்டும். அதனை மணல் பரப்பிய நிழற் குழியில் வைத்தால், அடுத்த நடுகைக்கு உங்களுக்கும் போதும், பன்னிரண்டாவதாக ஒருவர் சேர வந்தால் அவருக்கும் இருக்கும்.