ஷேர்டு மெமரியில் உள்ள அரேயை டெர்மினலிலேயே பார்ப்பது எப்படி?

கேள்வி: லினக்ஸில் இரண்டு சி புரோகிராம்கள் ஒரே ஷேர்டு மெமரியைப் (இரண்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற பொது நினைவகம்) பயன்படுத்துகின்றன. அதில் முதல் 16 பைட் ஹெடர், அப்புறம் 100 இன்ட் கொண்ட ஒரு அரே. பிரின்ட்எஃப் சேர்த்துச் சேர்த்து கம்பைல் செய்யாமல், 50 முதல் 59 வரையிலான மதிப்புகளை மட்டும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த மெமரியை எப்படி உருவாக்கினீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

எஸ்எச்எம் ஓப்பன் என்ற ஃபங்ஷன் மூலம் உருவாக்கியிருந்தால் வேலை சுலபம். டெவ் டைரக்டரிக்குள் எஸ்எச்எம் என்ற இடத்தில் அது சாதாரண ஃபைல் போலவே கிடக்கும், ஓடி கட்டளையை (ஆக்டல் டம்ப்தான், ஃபைலில் உள்ள பைட்களை எண்களாகக் காட்டும்) நேராக அதன் மேல் ஓட்டலாம். கணக்கு இதுதான்: ஹெடர் 16, அதோடு 50 பெருக்கல் 4 (ஒரு இன்ட்டுக்கு 4 பைட்), ஆக 216. ஜே ஆப்ஷனுக்கு (தாண்ட வேண்டிய பைட்) 216, பெரிய என்னுக்கு (படிக்க வேண்டிய பைட்) 40, வகையாக நாலு பைட் முழு எண், டபிள்யூவுக்கு (ஒரு வரியில் வரும் பைட்) 4 என்று கொடுத்தால் வரிக்கு ஒரு மதிப்பாக வரும். சின்ன வி ஆப்ஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், அடுத்தடுத்து ஒரே மதிப்பு வரும் இடங்களில் ஓடி ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டுத் தாண்டிவிடும், நீங்கள் பாதி அரேயைக் காணோமே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அரே டபுள் (8 பைட் தசம எண்) வகையாக இருந்தால் ஹெடரைக் கண்ணால் கூட்டாதீர்கள். 64 பிட் லினக்ஸில் ஸ்ட்ரக்ட்டில் ஒரு இன்ட்டுக்கு அடுத்து டபுள் வந்தால் அது 4-இல் அல்ல, 8-இல்தான் தொடங்கும், நடுவில் 4 பைட் சும்மா இருக்கும். ஸ்ட்ரக்ட்டில் ஒரு உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும் சி மேக்ரோவான ஆஃப்செட்ஆஃப் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

எஸ்எச்எம் கெட் என்ற ஃபங்ஷன் வழியாக வந்த பழைய சிஸ்டம் ஃபைவ் மெமரி என்றால் இந்த ஃபைல் வித்தை பலிக்காது. ஐபிசிஎஸ் கட்டளையை எம் ஆப்ஷனோடு கொடுத்தால் ஐடி, அளவு, எத்தனை புரோசஸ் ஒட்டியிருக்கிறது எல்லாம் தெரியும், உள்ளே இருக்கும் மதிப்பு தெரியாது. அதற்கு ஜிடிபி என்ற டீபக்கர்தான். ஜி ஆப்ஷனோடு கம்பைல் செய்து ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் புரோசஸில் அட்டாச் ஆகி, பிரின்ட் என்று சொல்லி, அரேயின் பெயரோடு [50]@10 என்று கொடுங்கள், 50-இலிருந்து பத்து மதிப்புகள் வரிசையாக வரும். சரி, இதில் ஒரு வம்பு உண்டு: அட்டாச் ஆன நொடியே புரோசஸ் நின்றுவிடும். நான் ஒருமுறை ஜிடிபியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, இன்னொரு புரோகிராம் ஏன் தொங்குகிறது என்று வெகுநேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பேட்ச் ஆப்ஷனில் ஓட்டினால் மதிப்பைக் காட்டிவிட்டுத் தானே விலகிவிடும். அனுமதி இல்லை என்று வந்தால் சூடோ போடுங்கள்.

இன்னொன்று, ஓடி கட்டளை உங்கள் செமஃபோரை (ஒருவர் எழுதும்போது மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு) மதிக்காது. அது படிக்கும் அதே நேரத்தில் மற்ற புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து வரலாம். மதிப்பு விசித்திரமாகத் தெரிந்தால் பிழை என்று குதிக்காமல் இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.