சோலார் படிப்புன்னு மக சொன்னா பயப்படாதீங்கக்கா

வணக்கம் அக்கா, நேத்து பாடாங் செராய் கோயில் வாசல்ல நீங்க கேட்டப்ப சுத்தி ஆளுங்க நின்னாங்க, சரியா பேச முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். எஸ்பிஎம், அதான் நம்ம மலேசியால ஃபார்ம் ஃபைவ் கடைசில எழுதுற பரீட்ச, அத முடிச்ச மக டாக்டர் வேணாம், சோலார்ல வெள்ளித் துகள் போடுறத படிக்கணும்னு சொல்றான்னு கண் கலங்குனீங்க. அவ சொல்றது நெசமான துறைதான்க்கா.

என்னன்னா, பேனல்ல இருக்குற சிலிக்கான் தகடு 150, 180 மைக்ரான் தடிப்பு, ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அதையே 1, 2 மைக்ரானா மெல்லிசாக்குனா பொருள் மிச்சம், ஆனா சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் மின்சாரமா மாறாமலே ஊடுருவி போயிடும். மேல 100 நானோமீட்டர் அளவுல (நானோமீட்டர்னா மைக்ரான்லயும் ஆயிரத்துல ஒரு பங்கு) வெள்ளித் துகள் போட்டா, அதுல இருக்குற எலக்ட்ரானெல்லாம் வெளிச்சத்தோட சேர்ந்து ஆடி அத பக்கவாட்டுல சிதற விடும், வெளிச்சம் அந்த மெல்லிசான படலத்துக்குள்ளயே ரொம்ப தூரம் ஓடும். தோட்டத்துல மேட்டுல பெய்யுற மழை நேரா ஆத்துக்கு ஓடிடாம பால்மரத்துக்கு நடுவுல குழி வெட்டி நிறுத்துவாங்கல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க. ஒரு யுனிவர்சிட்டி ஓபன் டேல தங்கத்த 20 நானோமீட்டர் துகளாக்கி தண்ணில கலந்து வச்சிருந்தாங்க, நம்ம ஒட்டுக்கடை ரோஸ் சிரப் கலரு, மஞ்சளே இல்ல, நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். உங்க மகளுக்கு இது ஏன் பிடிச்சுதுன்னு எனக்கு நல்லா புரியுது.

ஆனா மறைக்காம சொல்லிடறேன். துகள் ரொம்ப சின்னதா இருந்தா வெளிச்சத்த தானே முழுங்கி சூடாயிடும், சோலார் செல்லுக்கு நஷ்டம். வெள்ளி கொலுசு மாதிரி கறுத்தும் போகும். 2010ல ஹாரி ஆட்வாட்டர், ஆல்பர்ட் போல்மன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதப்பத்தி விரிவா எழுதுனதுலேர்ந்து நெறைய பேரு ஆராய்ச்சி பண்றாங்க, ஆனா கடையில வாங்குற சாதாரண பேனல்ல இது இல்ல. இந்தத் துகளுக்குன்னே ஆள் எடுக்குற வேலைய டிகிரி முடிச்ச கையோட தேடுனா கிடைக்காது, ஆராய்ச்சின்னா மாஸ்டர்ஸ், பிஎச்டி வரைக்கும் போகணும்.

அதனால பேருல நானோ இருக்குற கோர்ஸ தேடி ஓட வேணாம், பிசிக்ஸ் இல்ல மெட்டீரியல்ஸ் இல்ல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், இந்த மூணுல ஒண்ணு எடுக்கட்டும். யுனிவர்சிட்டிக்கு முன்னால படிக்கிற மெட்ரிக்குலேஷன் கிடைக்கலன்னா ஃபார்ம் சிக்ஸ் போகட்டும், அதோட கடைசி பரீட்ச எஸ்டிபிஎம் நல்லா செஞ்சா அதே யுனிவர்சிட்டிதான், இதுக்காக அழாதீங்க. பாங்கில யுகேஎம் யுனிவர்சிட்டில சூரிய சக்திக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பினாங்குல இருக்குற யுஎஸ்எம் யுனிவர்சிட்டி நமக்குப் பக்கம். வேக்குவம்ல மெல்லிசா படலம் படிய வைக்கிறது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாக்குறது, இதெல்லாம் கத்துக்கிட்டா சோலார் இல்லாட்டியும் சிப் வேலைக்கு ஆகும், கூலிம்ல இன்ஃபினியன் சிப் கம்பெனி நம்ம வீட்டுலேர்ந்து மோட்டார்ல போற தூரம்தான. 2025ல அமெரிக்கா மலேசியா உட்பட நாலு நாட்டு சோலாருக்கு வரி போட்டுச்சு, அந்த மாதிரி நேரத்துல ஒரே வேலைய நம்பி இருந்தா கஷ்டம், அதுக்குத்தான் அகலமா படிக்கச் சொல்றேன்.

சனிக்கிழமை காலையில அவள கூட்டிட்டு வாங்க. ரிசல்ட் சிலிப் மட்டும் பத்தாது, ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) ட்ரையல் பேப்பரையும் கொண்டாரச் சொல்லுங்க, மார்க் கம்மின்னாலும் பரவால்ல, எந்தக் கணக்குல தடுமாறுறான்னு நான் பாக்கணும்.