நடிக்க அனுப்புங்கள், பள்ளியை நிறுத்த வேண்டாம்

அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் தொலைக்காட்சி நடனப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஒரு சினிமாப் படத்தில் கதாநாயகியின் தங்கை வேடத்துக்குக் கேட்டிருப்பதால் பள்ளியை நிறுத்திவிட்டுச் சென்னைக்குக் குடிபெயரலாமா என்கிறீர்கள். வேண்டாம்.

கமல்ஹாசன் பள்ளிப் படிப்பை முடித்தாரா என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். சினிமாக் கனவோடு வரும் அப்பாக்கள் பெரும்பாலும் இதைக் கேட்டுவிடுகிறார்கள்! அவர் முடிக்கவில்லைதான். ஆனால் 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்துக் குடியரசுத் தலைவர் பதக்கம் வாங்கிய அந்தச் சிறுவனுக்கு, மேலும் சில படங்களுக்குப் பின் வாய்ப்பு நின்றுபோனது. குழந்தை வேடத்துக்கு வளர்ந்துவிட்டார், நாயகன் வேடத்துக்கு வயது போதவில்லை. அந்த ஆண்டுகளில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார், நடனம் கற்றார், சினிமா நடன ஆசிரியர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்து மற்றவர்களை ஆடவைத்தார். நாயகனாகப் பெயர் வாங்கியது 1970-களின் நடுவில். பள்ளியை விட்டதைச் சொல்கிறவர்கள் இந்த உழைப்பைச் சொல்வதில்லை.

உங்கள் மகளுக்கும் இன்னும் ஓரிரு ஆண்டில் அந்த இடைவெளி வரலாம். அப்போது அவள் கையில் என்ன இருக்கும் என்பதுதான் என் கவலை. ஒரு பாட்டுக்கு வாரம் முழுவதும் ஒத்திகை பார்த்து ஆடுவது வேறு, அடவுகளை, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவுகளை, முறையாகக் கற்று ஆடுவது வேறு. உள்ளூரிலேயே நல்ல பரதநாட்டிய ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். 10 முதல் 14 வயதுவரை பள்ளியில் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. கலை உதவித்தொகை தருகிறது. பள்ளியை நிறுத்தினால் அதுவும் கிடைக்காது. பிளஸ் டூ முடித்த பிறகு சென்னையில் உள்ள நடனக் கல்வி நிறுவனமான கலாக்ஷேத்ராவின் நான்காண்டுப் பட்டயப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தப் படத்துக்கு விடுப்பு எடுத்துப் போய் வரட்டும். 14 வயது நிரம்பாத பிள்ளையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்கின்றன குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரம்தான். தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. படிப்பும் தடைப்படக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அவளுக்கு 18 வயதாகும்வரை நீங்கள்கூட அதைத் தொடக் கூடாது.

தயாரிப்பு மேலாளரிடம் ஆட்சியரின் அனுமதிக் கடித நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மழுப்பினால், ஒப்பந்தத்தில் உங்கள் கணவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.