கேள்வி-பதில்: இடுப்பளவு பனியில் அடிரான்டாக் சிகரங்கள்

கேள்வி: ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மார்சி சிகரம் ஏறப் போகிறோம். பாதை மிதிபட்டு இறுகித்தான் இருக்குமாம். ஸ்னோஷூ அவசியமா? மைக்ரோஸ்பைக் போதாதா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இரண்டும் வேண்டும். ஸ்னோஷூ என்பது பனியில் புதையாமலிருக்கக் காலில் கட்டும் அகன்ற சட்டம். மைக்ரோஸ்பைக் என்பது வழுக்காமலிருக்க பூட்ஸ்மேல் மாட்டும் சிறு முட்கள். மார்சி அமைந்துள்ள, அடிரான்டாக் மலைகளின் ஹை பீக்ஸ் வனப்பகுதியில் பனி 8 அங்குலத்தைத் தொட்டால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ அணிந்தே ஆக வேண்டும், அது விதி. பையில் கட்டித் தூக்கிப் போனால் போதாது. வெறும் பூட்ஸில் நடப்பவர் தொடைவரை புதைவார். அவர் விட்டுப்போகும் குழிகள் இரவில் கல்லாக உறையும். மறுநாள் வருபவரின் கணுக்கால் அதில் மாட்டித் திருகும்.

மார்சியின் உயரம் 5,344 அடி. பாதை தொடங்கும் அடிரான்டாக் லோஜ் விடுதியிலிருந்து ஒரு வழி மட்டும் சுமார் 12 கி.மீ. மரங்கள் முடிந்த பிறகு காற்று பனியை வாரிவிடுவதால் மேலே வெறும் பாறையும் பனிக்கட்டியும்தான் எஞ்சும். அங்கே கிராம்பான், அதாவது பூட்ஸில் கட்டும் நீண்ட இரும்புப் பற்கள், தேவைப்படலாம். ஸ்னோஷூவின் நீளம் 22 முதல் 25 அங்குலம் போதும். 30 அங்குலம் குறைவாகப் புதையும், ஆனால் நெருக்கமான மரங்களுக்கிடையே திரும்ப விடாது. குதிகாலுக்கு அடியில் தூக்கி நிறுத்தும் கம்பி உள்ளதை வாங்குங்கள். செங்குத்தான ஏற்றத்தில் கெண்டைக்காலைக் காப்பது அதுதான்.

கேள்வி: நாங்கள் நால்வர், அதே மலைகளிலுள்ள ஆலன் சிகரம் போக ஆசை. புதுப் பனியில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?
- வாசகர், டொராண்டோ

பதில்: கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஆலன் போய்வர ஏறக்குறைய 29 கி.மீ. யாரும் மிதிக்காத ஆழமான பனியில், ஏற்றத்தில், மணிக்கு ஒரு கி.மீ.கூட நகராத நேரம் வரும். டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆகவே இருட்டில் கிளம்புங்கள், ஆளுக்கொரு தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த மணிக்குத் திரும்ப வேண்டும். வழியில் ஓபலசென்ட் ஆற்றைக் கடக்க வேண்டும். பனிக்கட்டி தாங்குமா என்று சந்தேகம் வந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

முன்னால் புதுப் பனியை மிதித்துப் பாதை வெட்டுபவர் களைத்த பிறகு மாறுவது தவறு. வியர்க்கத் தொடங்கும் முன்பே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஓரமாக ஒதுங்கி எல்லாரையும் முன்னே விட்டுக் கடைசியில் சேர வேண்டும். வியர்வையில் நனைந்த உடை, நின்றதும் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். முழங்காலை உயர்த்தி, ஸ்னோஷூவை வைத்து, பனி இறுக அரைநொடி கொடுத்து, அப்புறம் எடையை இறக்குங்கள். இரண்டாமவர் முதலாமவரின் தடங்களுக்கு இடைப்பட்ட மேட்டை மிதிக்க வேண்டும். அப்போதுதான் பாதை சமமாகும், திரும்பும்போது ஓட்டமாக இறங்கலாம். செங்குத்தில் எதிரே நிற்கும் பனிச்சுவரை முதலில் முழங்காலால் சரித்து, பிறகு ஸ்னோஷூவின் அடியிலுள்ள முன்பற்கள் பிடிக்கும்படி நுனிக்காலால் உதையுங்கள். மரமில்லாத, 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் உண்டு. அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் விலகியே போகவும்.

கேள்வி: மரத்தடிப் பள்ளத்தில் விழுந்தால் வெளியே வருவது எப்படி?
- வாசகர், ஆல்பனி

பதில்: சிகரத்தருகே ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் குட்டையாக, அடர்ந்து நிற்கும். கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாகிறது. பனிக்கு மேலே ஒரு மர நுனி மட்டும் எட்டிப்பார்த்தால் அதன் பக்கம் போகாதீர்கள். வழி தவறியவர்களே பெரும்பாலும் இதில் விழுகிறார்கள். பாதைக்குறிகள் புதைந்திருக்கும்போது வரைபடத்தை அடிக்கடி பாருங்கள்.

விழுந்தபின் உதறக் கூடாது. உதறினால் மேலும் பனி சரிந்து ஸ்னோஷூவின் மேல் இறுகும். வால் பகுதி கிளைக்கடியில் கொக்கிபோல் மாட்டும். பையைக் கழற்றிப் பனிமேல் போட்டு, அதில் நெஞ்சைச் சாய்த்து நில்லுங்கள். கூட வந்தவர் சற்றுத் தள்ளி மண்டியிட்டு, கீழ்ச்சரிவுப் பக்கமாகத் தோண்ட வேண்டும். ஸ்னோஷூவின் வார் தெரிந்ததும் அதை அவிழ்த்துக் காலை எடுங்கள். ஸ்னோஷூவைப் பிறகு தோண்டிக்கொள்ளலாம். தனியாக மாட்டினால் மணிக்கணக்காகும். இந்தச் சிகரங்களுக்குக் குளிர்காலத்தில் தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் உறையாமல் இருக்க?
- வாசகி, பஃபலோ

பதில்: தண்ணீர்ப் பையிலிருந்து வரும் உறிஞ்சு குழாய் வேண்டாம், அதுதான் முதலில் உறையும். அகன்ற வாய் பாட்டிலில் சூடாக ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் திறக்கக் கிடைக்கும்.

கேள்வி: நடுவழியில் ஸ்னோஷூ வார் அறுந்தால்?
- வாசகர், மொன்றியால்

பதில்: நீளமான ரப்பர் வார் இரண்டு, கெட்டியான ஜிப்-டை பத்து, கொஞ்சம் கம்பி, ஒரு சிறு இடுக்கி: இவை பையில் இருந்தால் கட்டிச் சமாளிக்கலாம். ஜிப்-டை கடுங்குளிரில் நொறுங்கும், அதனால் ஒரே இடத்தில் இரண்டாகப் போடுங்கள்.