மெர்லயனைப் பார்த்தாச்சு, அடுத்து?

சிங்கப்பூரில் கூட்டம் போகாத இடங்கள் பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

மன்னார்குடி வாசகி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எங்களுக்கு இது மூன்றாவது பயணம். சென்டோசா, பறவைப் பூங்கா, முஸ்தபா எல்லாம் ஆயிற்று. அதிகம் பேர் போகாத இடங்களை எப்படித் தேடிப் பிடிப்பது?

பதில்: 'அதிகம் தெரியாத இடங்கள்' என்று போனில் தட்டினால் எல்லாருக்கும் வருவது அதே பத்து இடம்தான். வேறு விதமாகத் தேடுங்கள். ஒரு காலத்தில் அந்த ஊருக்குத் தேவைப்பட்டு, பிறகு தேவையற்றுப்போன இடங்கள் எவை என்று பாருங்கள். ரயில் நின்றுபோன தடம், மூடிய கல்குவாரி, மூடிய இடுகாடு, கடலைத் தூர்த்ததால் ஊருக்கு நடுவே வந்துவிட்ட பழைய கடற்கரைத் தெரு. சிங்கப்பூரில் இவை எல்லாமே இருக்கின்றன, பெரும்பாலும் இலவசம்.

தேசிய மரபுடைமைக் கழகம் ஜூரோங், தோ பாயோ, ஈசூன் என்று பேட்டை பேட்டையாக மரபுடைமைப் பாதைக் கையேடுகள் போட்டிருக்கிறது. அதன் 'ரூட்ஸ்' இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மகன் குடியிருக்கும் பேட்டையிலிருந்தே ஆரம்பியுங்கள். தீவு, காடு, சதுப்புநிலம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் தளம். கிளம்புகிற அன்று காலையில் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மரம் விழுந்தோ பலகைப் பாதை பழுதாகியோ எது மூடியிருக்கிறது என்பதை அங்கேதான் முதலில் போடுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு திசைதான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு நீளமும் ஏறக்குறைய 50தான். சின்ன ஊர்தானே என்று காலையில் ஜூரோங், மாலையில் சாங்கி என்று போட்டால், வண்டி மாறுவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், மாலை ஏழை ஒட்டி மறையும். நம் ஊர் நினைப்பில் ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் நிற்பீர்கள். பிற்பகலில் இடி மழை சகஜம் என்பதால் வெளி இடங்களை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சில அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

முதல் இடமாகப் புக்கிட் பிரவுனைச் சொல்வோம். இடுகாட்டுக்கா போகச் சொல்கிறீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். 1922இல் நகராட்சி திறந்து 1973இல் மூடிய சீனர் இடுகாடு இது. ஏறக்குறைய ஒரு லட்சம் கல்லறைகள், மேலே காடு மண்டிக் கிடக்கின்றன. வசதியானவர்களின் கல்லறை வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகளைச் சிலையாக நிறுத்தியிருப்பார்கள். சீனர் கல்லறைக்கு சர்தார்ஜி காவல்! நடுவில் நெடுஞ்சாலை போட 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் வழிகாட்டி நடை கிடைத்தால் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். தனியாகப் போனால் எந்தக் கல்லறை யாருடையது என்று தெரியாமல் அரை மணியில் அலுத்துவிடும். மழைக்கு மறுநாள் வேண்டாம், சரிவில் செம்மண் வழுக்கும். செருப்பு உதவாது, ஷூ போட வேண்டும்.

நாகூர் வாசகர்: சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா உண்டாமே, எங்கே?

பதில்: தெலுக் ஆயர் தெருவில். டவுன்டவுன் வழித்தடத்தில் தெலுக் ஆயர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடம், அடக்கம் இல்லை. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. நம் ஊர்ப் பெரிய மினாராவை மனதில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்காதீர்கள், இது சிறிய கட்டடம். மூலைக் கோபுரங்களின் அடுக்குகளை எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அந்தத் தெருதான் பழைய கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிர் பிழைத்துக் கரைசேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டியவை வரிசையாக நிற்கின்றன. தர்காவை அடுத்துச் சீன மாலுமிகள் வணங்கிய தியான் ஹோக் கெங் கோயில், கொஞ்சம் தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் 'குச்சுப் பள்ளி' என்று அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல். இன்று கடல் கண்ணுக்கே படாது, அலுவலகக் கோபுரங்கள்தான் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கூட்டம் நெரியும், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: மகனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஒரு முழு நாள், கட்டடமே இல்லாத இடமாக வேண்டும்.

பதில்: புலாவ் உபின் தீவு. தானா மேரா எம்ஆர்டியில் இறங்கி 2ஆம் எண் பேருந்தில் கடைசி நிறுத்தமான சாங்கி வில்லேஜ் வரை போங்கள். பக்கத்திலேயே படகுத்துறை. பம்போட் என்கிற மரப்படகில் 12 பேர் சேர்ந்ததும் எடுப்பார்கள். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கால் மணிக்குள் அக்கரை. முன்பதிவு இல்லை. சில்லறையாக ரொக்கம் கொண்டுபோங்கள், கார்டை நம்ப வேண்டாம். ஆள் சேராவிட்டால் 12 பேர் கட்டணத்தை இருப்பவர்கள் பங்கிட்டுக் கொடுத்தால் உடனே கிளம்பும்.

இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சீட் உயரத்தை அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். உள்ளே ஏற்றம் இறக்கம் உண்டு. பிரேக் பிடிக்காத சைக்கிளில் சரளை இறக்கத்தில் விழுகிறவர்கள்தான் அதிகம். சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு வேன் இருக்கிறது, போகவர ஒரே வாடகையாகப் பேசிவிடுங்கள்.

கிழக்கு முனையில் செக் ஜாவா. படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல வரும். சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். மணல்திட்டு, கடற்புல், அலையாத்திக் காடு எல்லாம் ஒரே இடத்தில். முத்துப்பேட்டை அலையாத்தியைப் படகில் மட்டுமே பார்த்தவர்கள் இங்கே பலகைப் பாதையில் நடந்தபடி வேரைப் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் கடல் உள்வாங்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போய்விட்டு, ஒன்றுமில்லை வெறும் தண்ணீர்தான் என்று திரும்புகிறவர்கள் ஏராளம். பலகைப் பாதையின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்க மூடுவதும் உண்டு. வாசலில் இருக்கும் 1930களின் ஆங்கிலேயர் வீட்டைத் தவறவிடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தள்ளிக் கணப்படுப்பு கட்டிய வீடு அது!

குவாரிகள்தான் இந்தத் தீவின் பழைய பிழைப்பு. ஜொகூர் பாலத்துக்குக் கருங்கல் போனது இங்கிருந்துதான். இப்போது குவாரிப் பள்ளங்களில் நீர் தேங்கி நாரையும் கொக்கும் அடைகின்றன. வேலியைத் தாண்டாதீர்கள், கரையோரமே ஆழம்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் பின்னாலேயே வரும். பைக்குள் பையாக முதுகில் மாட்டுங்கள். விலங்குக்குத் தீனி போட்டால் அபராதம். செக் ஜாவா பக்கம் கடை கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மாலை ஐந்துக்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டியபின் ஆள் சேர்வது கஷ்டம்.

நாகப்பட்டினம் வாசகி: தாத்தா 'ரஜுலா' கப்பலில் நாகையிலிருந்து போனவர். அவர் கால் வைத்த இடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

பதில்: ரஜுலா 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அந்தக் காலத்தில் கப்பலில் அம்மையோ காலராவோ இருந்தால் டெக் பயணிகளை (அறையில்லாமல் கப்பல் தளத்தில் பயணித்தவர்களை) செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமையில் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். 1874இல் தொடங்கிய முகாம் அது. தாத்தாவை அங்கே வைத்தார்களா என்பது அவர் வந்த பயணத்தைப் பொறுத்தது. தீவுக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி பக்கத்துத் துறையிலிருந்து படகு. வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் வேறு, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தரைப்பாலம் வழியாக லாசரஸ் தீவுக்கு நடந்தே போகலாம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு வேண்டும்.

பயணத்துக்கு முன் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்யலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடலாம். கப்பல் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, வருடத்தைக் குறுக்குங்கள். கப்பல் கரை வந்த தேதிகள் கிடைக்கும். டெக் பயணிகளின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதிலுள்ள முத்திரைத் தேதியோடு ஒப்பிடுங்கள்.

திருவாரூர் வாசகி: எனக்கு மூட்டுவலி. அதிகம் நடக்காமல் பார்க்க ஏதாவது?

பதில்: செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. ஊற்றுவாயில் தண்ணீர் 70 டிகிரி அளவில் வரும், படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறும். கீழ்த் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தபின் காலை வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் காலை விடவே வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். முட்டை அவிக்கத் தனிக் குழாய் உண்டு. முட்டையும் மூடியுள்ள பாத்திரமும் கொண்டுபோங்கள், வெந்நீரை ஓரிரு தடவை மாற்றி அரை மணி வைத்தால் அரைவேக்காடு. கான்பரா எம்ஆர்டியிலிருந்து டாக்ஸி பிடியுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம்.

இன்னொன்று, 1932இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம். இந்தத் தடத்தில் மலேசிய ரயில் 2011 ஜூன் 30 அன்று நின்றது, 2022இல் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். தடம் சமதளம், இரும்புப் பாலம் வரை மெதுவாகப் போய் வரலாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி பக்கம்.

மயிலாடுதுறை வாசகர்: சிங்கப்பூரின் கடைசிக் கிராமம் புவாங்கோக்கை வீடியோ எடுக்கலாமா?

பதில்: தெருவில் நின்று பார்க்கலாம். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை, நிலமும் தனியாருடையது. வாசலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பட்டுக்கோட்டை வாசகர்: பையில் எதையெல்லாம் எடுத்துப்போகக் கூடாது?

பதில்: பன்னீர்ப் புகையிலை, குட்கா, ஹான்ஸ் எதுவும் ஆகாது. வாயில் போடும் புகையிலைக்குத் தடை. மின் சிகரெட்டும் சூயிங்கமும் அப்படியே. சாதா சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். வெற்றிலைப் பெட்டியின் அடியில் மறந்து கிடக்கும் புகையிலைப் பொட்டலத்தைத் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே தட்டிவிடுங்கள். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.