லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பழைய படங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பழைய வண்ணாரப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் மாமனார் கனடாவிலிருந்து வாங்கி வந்த மூன்று படங்கள் எங்கள் கூடத்தில் தொங்குகின்றன. ஒன்றில், பின்னால் பெரிய சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். மற்ற இரண்டில் ஏரி நிறைய மரப்படகுகளும் நுரைத்து ஓடும் ஆறும். மூன்றிலும் ‘யூகான், 1898’ என்று அச்சிட்டிருக்கிறது. இவை அசலா? விலை போகுமா? ஒன்றில் பழுப்புப் புள்ளிகள் வேறு வந்துவிட்டன.
– வாசகி, ராயபுரம்

பதில்: நீங்கள் அனுப்பிய கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. கப்பலின் பக்கத்தில் ‘கிளோண்டைக்’ என்ற பெயர் தெளிவாகவே தெரிகிறது. கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பகுதியில், ஒயிட்ஹார்ஸ் ஊரில் இன்றும் கரையேற்றி நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்களே, அதே கப்பல்தான். அதே பெயர் கொண்ட அண்ணன் கப்பல் 1929-இல் கட்டப்பட்டு 1936-இல் பாறையில் மோதி உடைந்தது. 1937-இல் கட்டிய தம்பி இது. 1898 என்பது படத்தை விற்றவர் சூட்டிய வருடம்!

மற்ற இரண்டும் அப்படியல்ல, அந்தக் காட்சிகளுக்கு 1898 பொருந்தும். 1896 ஆகஸ்டில் கிளோண்டைக் பகுதி ஓடையொன்றில் தங்கம் கிடைத்தது. மறு வருடம் அந்தத் தங்கத்தோடு சியாட்டில் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர, வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில். பனிமலையை மூட்டை முடிச்சோடு ஏறிக் கடந்து, பென்னட் ஏரிக் கரையில் மரம் அறுத்து அவரவரே படகு கட்டினார்கள். 1898 மே கடைசியில் பனி உடைந்ததும் 7000-க்கும் மேற்பட்ட படகுகள் ஒன்றாகப் புறப்பட்டன. தச்சு வேலையே தெரியாதவர்கள் கட்டிய படகுகள். வழியில் ஆறு நுரைத்துப் பாயும் இடங்களில் பல சிதறின, சிலர் மூழ்கினர். பிறகுதான் ஸ்டீல் என்ற போலீஸ் அதிகாரி, ஆறு தெரிந்தவர்தான் படகு செலுத்த வேண்டும், பெண்களும் குழந்தைகளும் கரையோடு நடந்துதான் வரவேண்டும் என்று கட்டளை போட்டார். உங்கள் மூன்றாவது படத்தில் கரையில் சிலர் நடப்பது தெரிகிறதல்லவா? எனக்குப் பிடித்த மூலை அது.

காட்சி பழையது என்பதால் காகிதமும் பழையது ஆகிவிடாது. எரிக் ஹெக் என்பவர் கண்ணாடித் தகடுகளில் அந்தத் தங்க வேட்டை ஓட்டத்தைப் படமெடுத்தார். அவர் பெயர் ஓரத்தில் இருந்தாலும் மயங்காதீர்கள். தகட்டிலேயே எழுதிய பெயர் எல்லா நகலிலும் விழும். கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கண் லென்ஸ் இரவல் வாங்கி வானத்துப் பகுதியைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் பிற்கால ஆப்செட் அச்சு. புள்ளியே இல்லாமல் நிழல் வழவழவென்று இறங்கினால் புகைப்படத் தாளாக இருக்கலாம். அப்போது என்னிடமோ வேறு விவரம் தெரிந்தவரிடமோ நேரில் காட்டுங்கள். அச்சுதான் என்றால் விலையை மறந்துவிட்டு மாட்டி வையுங்கள். மாமனார் சுமந்து வந்தது போதாதா?

பழுப்புப் புள்ளி ஈரத்தின் வேலை. எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்பக்க ஹார்ட்போர்டைக் கழற்றினால், அடியில் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் இருக்கும், பசைக்கு வந்த இராமபாணப் பூச்சியும் இருக்கும். அமிலமற்ற அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை விளிம்பு, வேண்டும். கீழ் மூலைகளில் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஐப்பசி மழையில் ஊறும் வெளிச்சுவரில் மட்டும் மாட்டவே கூடாது.

கேள்வி: அந்தக் கப்பல்களுக்குச் சக்கரம் ஏன் பின்னால்? பக்கத்தில் வைத்தால் என்ன?
– வாசகர், காசிமேடு

பதில்: படகுக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். பக்கத்தில் வைத்தால் கப்பல் அகலமாகும், ஆற்றில் மிதந்து வரும் மரங்கள் சக்கரத்தைப் பதம் பார்க்கும். பின்னால் இருந்தால் கப்பலின் உடலே அதற்குக் காவல். அடிப்பகுதி தட்டை என்பதால் சில அடித் தண்ணீர் போதும். மூக்கைக் கரையில் முட்டி நிறுத்திச் சரக்கு இறக்கலாம், துறை தேவையில்லை. விறகுதான் எரிபொருள். கரையில் ஆங்காங்கே விறகு அடுக்கி வைத்திருப்பார்கள், ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கேள்வி: யூகானுக்குச் சட்டம் போடுகிறோம். நம் பக்கிங்காம் கால்வாய்ப் படம் எந்த வீட்டிலும் இல்லையே?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: குத்தலாகக் கேட்டாலும் நியாயம். 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய். 1876–78 பஞ்சத்தில், கூலிக்கு வந்த ஏழைகள்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காமுக்குப் போனது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த ஆட்களைப் படமெடுக்க நம்மிடம் ஒரு ஹெக் இல்லை என்று நினைக்காதீர்கள். எடுத்தவர்கள் உண்டு, மாட்டியவர்கள்தான் குறைவு. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பிறகு கடைக்குக் கொண்டு வாருங்கள். சட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்கள், கூலி வேண்டாம்.