தீபாவளி விடுமுறையில் சாபா: பச்சை வயல் இருக்காது, ஆனாலும் போகலாம்

கேள்வி: தீபாவளி விடுமுறையில் வியட்நாம் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், முழங்கால் வலி உள்ள என் அம்மா. ஹனோயிலிருந்து வடக்கே மலை ஊரான சாபாவுக்கு இரண்டு இரவு ஒதுக்கியிருக்கிறோம். பச்சைப் பசேலென்ற படிக்கட்டு வயல்களையும் அங்குள்ள மலைவாழ் மக்களையும் பார்க்க ஆசை. அம்மாவால் முடியுமா? நாங்கள் சைவம், என்ன சாப்பிடுவது? பெண்கள் பின்னாலேயே வந்து பொருள் விற்பார்களாமே, எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும்போது வயலில் பச்சை இருக்காது. சாபா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிருக்கு ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல் விளையும். மே, ஜூனில் தண்ணீர் கட்டி நாற்று நடுவார்கள், செப்டம்பரில் பொன்னிறமாகும், தீபாவளிக்குள் அறுத்து முடித்து வெறும் அரிதாள்தான் நிற்கும். ஆனால் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் மழை ஓய்ந்திருக்கும், வழியில் சேறும் குறைவு. அம்மாவை நினைத்தால், செப்டம்பரின் தங்க வயலைவிட இந்த உலர்ந்த பாதைதான் உங்களுக்கு லாபம். ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் வேண்டும்.

ஹனோயிலிருந்து சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். படுத்துக்கொண்டு போகும் இரவு பஸ் விலை மலிவு, ஆனால் விடியுமுன்பே கொண்டுபோய் இறக்கிவிடும். இரவு ரயிலில் போனால் லாவ் காய் ரயில் நிலையம் வரை எட்டு மணி நேரம், அங்கிருந்து வளைந்து வளைந்து 38 கிலோமீட்டர் மலைப்பாதை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பகலில் கிளம்பும் சிறிய வேனில் போவேன். அதை அங்கே 'லிமோசின்' என்பார்கள், பேரைக் கேட்டு மயங்க வேண்டாம். பையனுக்கு வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும்.

இரண்டு இரவையும் சாபா டவுனிலேயே கழிக்காதீர்கள். அங்கே ஹோட்டலும் கட்டட வேலையும்தான் அதிகம், சனி ஞாயிறில் ஹனோய்க்காரர்களின் கூட்டம் வேறு. பத்து கிலோமீட்டர் கீழே முவோங் ஹ்வா பள்ளத்தாக்கில் தா வான் என்ற கிராமம் இருக்கிறது. ஸாய் இன மக்களின் ஊர், வீட்டோடு தங்கும் விடுதிகள் நிறைய. டாக்ஸியே போகும். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். நீங்கள் மூவரும் ஹ்மோங் இன மக்களின் கிராமமான லாவ் சாய் பக்கம் நடந்து வரலாம், அம்மா திண்ணையில் உட்கார்ந்தே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். டவுனை ஒட்டியுள்ள காட் காட் கிராமத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு, வாடகைக்கு உடுப்பு வாங்கிப் போட்டோ எடுப்பவர்கள்தான் அதிகம். படிகளும் ஏராளம், விட்டுவிடலாம்.

அம்மாவுக்குப் பிடிக்கப்போவது தா ஃபின். சிவப்புத் தலைத்துணி கட்டிய ஸாவோ மக்களின் கிராமம் அது. காட்டு மூலிகைகளைக் கொதிக்கவைத்து, அந்தச் சுடுதண்ணீரை மரத்தொட்டியில் ஊற்றி உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் கருஞ்சிவப்பாக, கஷாய வாசனையோடு இருக்கும். இருபது நிமிடம் போதும். ரத்த அழுத்தம் இருந்தால் அந்த நேரத்தையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபான்சிபான் சிகரத்துக்கு 2016 முதல் கேபிள் கார் ஓடுகிறது. உயரம் 3,147 மீட்டர். கேபிள் காரிலிருந்து இறங்கிய பிறகும் சுமார் 600 படி உண்டு. அதற்குத் தனிக் கட்டணத்தில் ஒரு குட்டி மலை ரயில் இருக்கிறது, அம்மாவுக்கு அதை எடுத்துவிடுங்கள். ஒரேயடியாக உயரம் ஏறுவதால் தலை சுற்றலாம், அவசரப்படாமல் நடங்கள். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மூடுபனி என்றால் பார்ப்பதற்கு வெள்ளைச் சுவர்தான்.

இனி அந்தப் பெண்கள். முதுகில் கூடையும் கறுப்பு உடுப்புமாக வரும் ஹ்மோங் பெண்கள் எடுத்ததும் விற்க மாட்டார்கள். எந்த ஊர், என்ன வயது, எத்தனை பிள்ளை என்று சிரித்துப் பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் கூட வருவார்கள். வழுக்கும் இடத்தில் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். கிராமம் வந்ததும்தான் கூடை திறக்கும். பலருக்கு அங்கேதான் எரிச்சல் வருகிறது. எனக்கு அது நியாயமான கணக்காகத்தான் படுகிறது: கையைப் பிடித்து இறங்கினீர்கள் என்றால் ஏதாவது வாங்குங்கள். வேண்டாம் என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். இதைவிட நல்லது, கூலியைப் பேசி அவர்களில் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வது. குழந்தைகளிடம் மட்டும் எதுவும் வாங்க வேண்டாம், மிட்டாயும் காசும் கொடுக்க வேண்டாம். விற்பனை நன்றாக நடந்தால் பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

துணி வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் நூல் முடிச்சும் குறுக்கே ஓடும் இழைகளும் தெரியும், அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளிறி இருக்கும். அவுரி நீலச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கியெடுத்த துணி சாயம் விடும். விற்கிற பெண்ணின் விரல்களே நீலமாக இருப்பதைக் கவனிப்பீர்கள். பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள்.

போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், சைகையே போதும். வீட்டு வாசலில் பச்சைக் கிளை தொங்கினால் உள்ளே ஏதோ சடங்கோ விலக்கோ இருக்கிறது என்று பொருள், நுழையாதீர்கள்.

சாப்பாட்டுக்கு 'அன் சாய்' என்றால் சைவம். அதைச் சொன்ன பிறகும் 'நுவோக் மாம்' எனும் மீன் சாறு வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நல்ல செய்தி: சாபா சௌசௌவுக்குப் பேர் போன ஊர். அங்கே அதற்கு 'சூ சூ' என்று பெயர். அதன் இளங்கொழுந்தைப் பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள். சோறும் டோஃபுவும் அதுவும் இருந்தால் உங்கள் இரவுச் சாப்பாடு முடிந்தது.

உங்கள் பயணத்தில் ஞாயிறு வந்தால் மட்டும் பாக் ஹா சந்தையை யோசியுங்கள். பூ வேலைப்பாட்டு உடையணிந்த ஹ்மோங் மக்கள் கூடும் சந்தை. போக மட்டுமே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அம்மாவோடு என்றால் எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை.

கிராமங்களுக்குள் ரொக்கம்தான். டவுன் ஏடிஎம்மிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். மங்கிய வெளிச்சத்தில் நானே ஒருமுறை வேகவைத்த சோளத்துக்குப் பெரியதை நீட்டினேன். கிழவி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பெரிய நோட்டைத் தனிப் பையில்தான் வைக்கிறேன்.